கோச் கழுவிய தட்டு

கோச் டெல்பர்ட் கூம்ஸுக்குச் சிலை வைக்கப் போகிறார்களாம். மார்லோ கல்லூரி மைதானத்தின் வாசலில், ஒரு பையன் தோளில் கை போட்டபடி நிற்கிற மாதிரி. நன்கொடை கேட்டு என் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். தட்டியவன் நல்ல பையன்தான், பாவம். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன். யார் தோளில் கை போட்டார், போட்ட கையை எப்போது எடுத்தார் என்று எனக்கல்லவா தெரியும்! ஆறு வருடம் அந்த மனிதர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

என் பெயர் நேடீன் ஸ்ட்ரவுட். இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கால்பந்து எனக்கு ஆகாது. எங்கள் அலபாமாவில் இதைச் சத்தமாகச் சொன்னால் சர்ச்சில் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். கால்பந்து என்று பெயர்தானே தவிர காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை போலிருக்கிற பந்தை ஒருவன் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், மலை மாதிரி நாலு பேர் அவன் மேல் விழுவார்கள், எலும்பு முறிகிற சத்தத்துக்கு ஊரே எழுந்து நின்று கை தட்டும். சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பாட்டுப் பாடுவோம்.

கூம்ஸ் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. வடக்கே மலைப்பக்கத்துக் கோழிப்பண்ணையில் பிறந்தவர். அப்பா டிராக்டர் கவிழ்ந்து செத்தார். அம்மா காலுறை ஆலையில் நின்றபடி வேலை செய்து வளர்த்தார். பதினேழு வயதில் கூம்ஸ் கதவு நிலையில் இடிக்கிற உயரம். அவரைத் தன் அணிக்குக் கேட்டு ஒரு சின்னக் கல்லூரியின் கிழட்டுக் கோச் வீடு தேடி வந்தார். இருந்ததைச் சாப்பிட்டார். அந்த அம்மாவின் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து, "நீங்க உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். பையனுக்குத் தோள் எலும்பு முறிந்து ஆட முடியாமல் போனபோதும் அவனைப் படிக்க வைத்தார். பின்னாளில் அம்மா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் அந்தக் கிழவர்தான். கூம்ஸ் இந்தக் கதையை வானொலியில் சொல்வார், மேடையில் சொல்வார், சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குரல் தழுதழுக்கும். நானும் முதல் முறை கேட்டு அழுதேன். இப்போது நினைத்தால் என் கண்ணீர் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஏனென்றால், ஒரு நல்ல மனுஷன் போகிற போக்கில் செய்ததை இவர் தொழிலாக்கிக்கொண்டார். பட்டம் வாங்கியதும் பள்ளிக்கூடத்தில் கோச், பிறகு ஏதோ கல்லூரியில் உதவிக் கோச், பிறகு இன்னொன்று, இன்னொன்று. எங்கே போனாலும் ஆட்டக்காரப் பையன்கள் வீட்டுச் சமையலறைதான் அவருடைய உண்மையான மைதானம். அம்மாக்கள் போட்டதைச் சாப்பிடுவார், இரண்டாம் முறை கேட்டு வாங்குவார், சோளரொட்டியால் தட்டை வழித்துத் தின்பார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் போய் நின்றுவிடுவார். அம்மா பதறிப்போய்த் துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நிற்பாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் நிற்கிற அந்த நேரத்தில்தான் தாழ்ந்த குரலில் வாக்குக் கொடுப்பார். கழுவி முடிப்பதற்குள் பையன் அவருடையவன்.

மார்லோவுக்குத் தலைமைக் கோச்சாக அவர் வந்தபோது அவர் மனைவி ரோவீனா வேலியோரம் நின்று என்னோடு பேச ஆரம்பித்தாள். நல்ல பெண். எத்தனையோ ஊர் மாறி, எந்த ஜன்னலுக்கும் அளவு பொருந்தாத திரைச்சீலைகளைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். அவளும் அவரைக் "கோச்" என்றுதான் கூப்பிடுவாள். உன் புருஷன் ஊரார் வீட்டில் எல்லாம் பாத்திரம் கழுவுகிறாராமே, கொடுத்து வைத்தவள் என்று ஒரு நாள் நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவர் ஒரு கரண்டிகூடக் கழுவியதில்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆம்பிளைகள் எல்லாம் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

என்னோடு பேருந்து ஓட்டியவள் ஆர்னெட்டா. என் சிநேகிதி என்று சொன்னால் போதாது, உடம்பு சரியில்லாதபோது மாறி மாறிக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். முதல் கணவன் பிக்ஸ் செத்துப்போய், கிரியர் என்கிற தச்சனை மறுமணம் செய்துகொண்டிருந்தாள். மூத்தவன் லாமாண்ட், பிக்ஸின் பிள்ளை. இளையவன் ரோஸ்கோ, கிரியரின் பிள்ளை, அப்போது ஆறு வயசு. லாமாண்டுக்குக் காளை மாதிரி உடம்பு, கன்றுக்குட்டி மாதிரி மனசு. அக்கம்பக்கத்தில் நாய்க்குக் கால் ஒடிந்தால் இவனிடம்தான் தூக்கி வருவார்கள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்று அவன் மதிப்பெண்ணைப் பார்த்து, பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கூப்பிட்டிருந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று ஆர்னெட்டா தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் கூம்ஸ் அவள் வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வறுத்த கெளுத்தி மீன், பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரை, சோளரொட்டி. ரோஸ்கோவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு தொட்டியடிக்குப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"அம்மா, பட்டம் வாங்கற வரைக்கும் இவன் என் புள்ள. ஆடினாலும் சரி, அடிபட்டு மூலைல உட்கார்ந்தாலும் சரி. கெழவர் எனக்குச் செஞ்சத நான் இவனுக்குச் செய்யலன்னா, நான் எங்க அம்மா வயித்துல பொறக்கலன்னு வெச்சுக்கங்க."

ஆர்னெட்டா துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே பக்கத்து மாநிலத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மார்லோவில் நாலு வருடம் படித்து அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் கால்நடை மருத்துவத்துக்குப் போகலாம், முழுச் செலவும் அணியே பார்த்துக்கொள்ளும் என்பது கூம்ஸ் போட்ட கணக்கு. வருஷா வருஷம் கோச் தலையாட்டினால்தான் அந்தச் செலவு தொடரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம்.

இரண்டாம் வருடம் அக்டோபரில் லாமாண்டின் இடது முட்டி போனது. எனக்குக் கால்பந்து ஆகாது என்றாலும் அவனுக்காக அன்று மைதானத்துக்குப் போயிருந்தேன். கால் போகக் கூடாத பக்கம் போய்க் கிடந்தது. கூம்ஸ் மருத்துவமனைக்கு ஒரு முறை வந்தார், பத்திரிகைக்காரனைக் கூட்டிக்கொண்டு. லாமாண்டின் நெற்றியில் கை வைத்து ஜெபம் செய்கிற படம் முதல் பக்கத்தில் வந்தது. படம் எடுத்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். சீ! ஆர்னெட்டா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அடுத்த வருடம் லாமாண்ட் ஆடவில்லை. தண்ணீர் பாட்டில் சுமந்தான், படித்தான், நன்றாகவே படித்தான். அவன் படிப்புக்கு என்ன ஆகும் என்று ஆர்னெட்டா கேட்கும்போதெல்லாம் கூம்ஸ், "நான் இருக்கேன்ல?" என்பார். அவளுக்கு அது போதும். வாயாலேயே வடை சுடுகிறவரிடம் பசியாறிவிட்டு வருவாள்.

அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் மார்லோ தோற்றது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அணி தோற்றால் ஞாயிறு விடிவதற்குள் கோச் வீட்டுப் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகள் முளைத்துவிடும். மூட்டையைக் கட்டு என்று சொல்வதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த மரியாதை. குடித்துவிட்டு நட வருகிற தடியன்கள் என் பூச்செடிகளையும் மிதித்துவிட்டுப் போவார்கள். ரோவீனா அவற்றைப் பிடுங்கிச் சேர்த்து வைப்பாள், தக்காளி நாற்றுக்கு மறைப்பு வைக்க நான் வாங்கிக்கொள்வேன். நாற்பது வயதுக் குடும்பஸ்தன்கள் செய்கிற வேலையா இது!

அந்த ஞாயிறும் வழக்கம்போலப் பலகைகள். அவற்றில் ஒன்று மட்டும் நல்ல மரக்கால் வைத்து, குழி தோண்டி நட்டது. இந்தத் தடவை எவனோ கைக்காசு போட்டுச் செலவு பண்ணியிருக்கான் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். ஒருவன் அதன் தலையில் தொப்பி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டான். புதன்கிழமை ஒரு தரகுக்காரப் பெண் இளம் தம்பதியைக் காரில் கூட்டிவந்து அந்த வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தண்ணீர் தேங்குமா என்று என்னிடமே கேட்டாள். அந்தப் பலகை நிஜம்.

கடைத்தெருவில் போய்ச் சொன்னேன். நம்பியவன் ஒருத்தனும் இல்லை. கால்பந்து தெரியாத நேடீனுக்குப் பலகை விளையாட்டும் புரியவில்லை என்று என்னைத்தான் கேலி செய்தார்கள். இத்தனை வருடமாகப் பொய்ப் பலகை நட்டுப் பழகிய ஊருக்கு உண்மைப் பலகை கண்ணில் படவே இல்லை. ஆர்னெட்டா மட்டும் நம்பினாள். அவளுக்குத்தானே வயிற்றில் நெருப்பு.

அன்று சாயங்காலமே கீரையும் கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு கூம்ஸ் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். கூடத்தில் பாதி கட்டிய பெட்டிகள். கூம்ஸ் கொஞ்சமும் அசையவில்லை. வாங்கம்மா வாங்க என்றார், தட்டில் போடச் சொன்னார், உட்கார்ந்து சாப்பிட்டார். ஆர்னெட்டா எதிரில் நின்றாள். போவது உங்கள் இஷ்டம், போகிறதுக்கு முன் விளையாட்டுத் துறைத் தலைவரிடம் லாமாண்டுக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், மீதமிருப்பது ஒரு வருடம்தான் என்றாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள்.

"இதுக்குப் போய் நீங்க நடந்து வரணுமா? இன்னிக்கே பேசிடறேன்" என்றார் கூம்ஸ்.

அப்போது தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தபடியே எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தட்டு மேஜையிலேயே கிடந்தது, சப்பிப்போட்ட எலும்போடு. ஆர்னெட்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோவீனா வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"அவர் பேச மாட்டாரு, நேடீன்" என்றாள் ஆர்னெட்டா, படியிறங்கும்போது.

பேசவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற எங்கள் பரம எதிரிக் கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். சுவரெல்லாம் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதி வைத்தவர், பையன்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. புதிதாக வந்த கோச் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆட முடியாத லாமாண்டுக்குக் கோடையோடு உதவிப் பணம் நின்றது, படிப்பும் நின்றது. ஆர்னெட்டா அக்கரைக்குப் போன் செய்யும்போதெல்லாம் ஒரு பெண் தேன் வழிகிற குரலில், கோச் மைதானத்தில் இருக்கிறார் என்பாள். சட்டம் போட்ட படத்தை ஆர்னெட்டா கழற்றி அடுப்பில் போட்டாள்.

லாமாண்ட் கோழி அறுக்கிற ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். உயிரோடு வருகிற கோழிகளைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டுகிற வேலை. நாயின் காலுக்குக் கட்டுப் போட்ட கை. இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கூம்ஸுக்கு என்ன குறை? அக்கரையில் கோப்பை வாங்கினார். பிறகு தோற்றார். வெளியே போ என்பதற்கே பெரிய தொகை கொடுத்து அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு குணநலன் பற்றிப் பேசினார். தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றும் போட்டார். ரோவீனா நடுவில் எங்கோ அவரை விட்டுவிட்டுத் தன் தங்கையிடம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன், திரைச்சீலைகளோடு. பிறகு அலபாமாவிலேயே தெற்குப் பக்கம் ஒரு கல்லூரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அவர் ஓடிப்போனதை மார்லோவும் மறந்துவிட்டது, இங்கே ஜெயித்த ஆட்டங்களைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

இதற்குள் ஆர்னெட்டா குடும்பம் மார்லோ ஊரை விட்டு, கிரியரின் அப்பா விட்டுப்போன நிலத்துக்குக் குடிபோயிருந்தது. ரோஸ்கோ வளர்ந்தான். அண்ணனைவிட ஒரு பிடி உயரம். கால்பந்து அவனுக்கு உயிர். ஆர்னெட்டா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. சென்ற வருடம் ஒரு நாள் என்னைப் போனில் கூப்பிட்டாள். ரோஸ்கோவை அணிக்குக் கேட்டு வெள்ளிக்கிழமை ஒரு கோச் வீட்டுக்கு வருகிறாராம். யார் தெரியுமா என்றாள். அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்டி அந்த ஆள வீட்டுக்குள்ள விடற?"

"ரோஸ்கோ போகணும்னு துடிக்கறான். நான் சொன்னா, அம்மா பழச மனசுல வெச்சுட்டுப் பேசறாங்கங்கறான். அவனே பாக்கட்டும். நீ வந்து உட்காரு."

போனேன். லாமாண்ட் பெயரோடு பிக்ஸ், இவன் பெயரோடு கிரியர், வேறு ஊர், வேறு வீடு; அடையாளம் தெரிய எதுவும் இல்லை. கூம்ஸ் தலை நரைத்து, அதே சிரிப்போடு உள்ளே வந்தார். ஆர்னெட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சலனம் இல்லை. என்னைப் பார்த்து, "எங்கயோ பாத்த மாதிரி இருக்கேம்மா" என்றார். ஆறு வருடம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவள். எனக்கு எல்லார் முகச்சாயலும் உண்டு என்றேன்.

ஆர்னெட்டா அதே சமையல் செய்திருந்தாள். மீன், கீரை, சோளரொட்டி. அம்மாவுக்குப் பிறகு இப்படிக் கீரை சாப்பிட்டதே இல்லை என்றார். கிழவர் கதையைச் சொன்னார். அதே இடத்தில் குரல் தழுதழுத்தது. ரோஸ்கோ வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். கூம்ஸ் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து சட்டைக் கையை மடித்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆர்னெட்டா துணியை எடுக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்தில் அம்மா வந்து நிற்காததால் கூம்ஸ் இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது. ஆடினாலும் சரி, அடிபட்டு மூலையில் உட்கார்ந்தாலும் சரி, பட்டம் வாங்குகிற வரைக்கும் இவன் என் பிள்ளை. ஒரு எழுத்து மாறவில்லை.

அந்த நேரத்தில் லாமாண்ட் வேலை முடிந்து உள்ளே வந்தான். ரப்பர் பூட்ஸ், சட்டையில் கோழி இறகு, இடது காலை இழுத்து இழுத்து நடை. வந்திருப்பது யார் என்று பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கூம்ஸ் சோப்புக் கையோடு திரும்பினார். மேலும் கீழும் அவனை அளந்தார், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"அடேயப்பா, நல்ல உடம்பு! நீயும் பந்து ஆடியிருக்கியா மகனே?"

லாமாண்ட் தொப்பியைக் கழற்றினான். அவன் எப்போதும் மரியாதை தெரிந்தவன்.

"கொஞ்ச நாள், கோச்" என்றான். "உங்க கிட்டதான்."

நான் கூம்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி வெட்கம் வந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதியே இருக்க மாட்டேன். அவர் மனசுக்குள் பெயர் தேடினார், அகப்படவில்லை, இருந்தாலும் சிரிப்பு மாறாமல் கையை விரித்தார். "மகனே! எப்படி இருக்க? கால் எப்படி இருக்கு?" என்று கேட்டபடி லாமாண்டின் அடிபடாத வலது முட்டியைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. ரோஸ்கோ எழுந்திருந்தான். அவன் கண்ணில் இருந்த வெளிச்சம் போயிருந்தது. தொட்டியடிக்குப் போய், நுரை வழிகிற தட்டைக் கூம்ஸ் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"நீங்க கெளம்புங்க கோச். மிச்சத்த நான் கழுவிக்கறேன்."

கூம்ஸ் ஆர்னெட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துடைக்கிற துணி ஆர்னெட்டாவின் மடியில் இருந்தது. அவள் அதை நீட்டவில்லை. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார்.